பீரோவில் இருக்கும் கார்புரேட்டர்

மனிதர்களில் பழைய கார்க்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்: எங்கேயும் நடந்தே வருவார். "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஒரு சின்ன சாமான் மட்டும் வரணும்" என்பார். பதினோரு வருடமாக இதைத்தான் சொல்கிறார். சாமான்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தெருவில் இருப்பவர் ஒரு நில அளவையாளர். அவருடைய காரை, செய்தவர்களே எப்போதோ மறந்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி, இடுக்கில் செருகிய மரச்சக்கையின் தயவில் நிற்கிறது, பின்கதவின் கைப்பிடி ஏதோ வேனுடையது, ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும். அதே மாடல் காரை எங்கே கண்டாலும் சொந்தக்காரரைத் தேடிப்பிடித்து, "உங்க வண்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று அன்போடு விசாரிப்பார். தாங்காது என்று சொல்லிவிட்டால் முகம் மலரும். சொத்துக்குக் காத்திருக்கும் மருமகன்கூட இவ்வளவு கரிசனம் காட்டமாட்டான்.

போன வருடம், மூடப்போகிற ஒரு கடையிலிருந்து, இரண்டு பஸ் மாறிப் போய், பெட்டி பிரிக்காத கார்புரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு தயாரானார்.

"குடுங்க சார், மாட்டிடலாம்."

"இது போச்சுன்னா வேற எங்கய்யா கிடைக்கும்? பழசையே துடைச்சுப் போடு."

புதியது மனைவியின் புடவைகளுக்கு நடுவே பீரோவில் குடியேறியது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, துடைத்து, திரும்பப் படுக்கவைப்பார்.

அந்த மனைவி, இருபத்தாறு வருடம் ஆசிரியையாக இருந்தவர், தலைமையாசிரியை ஆனார். முதல் நாள் காலைக் கூட்டத்தில் பேச வேண்டும். அன்றாவது பள்ளி வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இவரும் வாக்குக் கொடுத்து, விடிவதற்குள் காரைக் கழுவி நிறுத்தினார். கார் இரண்டாவது சிக்னலில் இருமியது, குலுங்கியது, நின்றது.

"அஞ்சே நிமிஷம்" என்றபடி பானெட்டைத் திறந்தார்.

"அந்தப் புதுசைப் போட்டுட்டீங்கதானே?"

"அதை ஒரு நல்ல நாளைக்குன்னு வச்சிருக்கேன்."

"இன்னிக்கு என்ன நாளுங்க?"

கணவர் தலையை பானெட்டுக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டார். மனைவி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.

நம் கார்க்காரருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. அன்று மாலையே மாட்டிவிடுவது என்று பெட்டியைத் திறந்தார். பளபளவென்று இருந்தது. எப்படி மனது வரும்? துடைத்து உள்ளே வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம்தான் காரே இல்லையே. ஆனால் உங்கள் அலமாரியின் மேல்தட்டில், விருந்தாளிகளுக்கென்று, அட்டைப்பெட்டியைவிட்டு இறங்காத ஆறு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கின்றனவே, யார் வந்தால் எடுப்பதாக உத்தேசம்? வீட்டில் இருப்பவர்களைக் கேட்காதீர்கள். அவர்கள் இத்தனை வருடமாக விளிம்பு உடைந்ததில் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.