பொட்டு வைத்த தோணி

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். வெந்நீருக்கு இந்தத் தோணியத்தான் வெட்டப் போறேன்," என்று சொல்லிக் கோடாரியைச் சுவரில் சாத்தி வைத்தாள் செல்லத்தாய்.

அவள் புருசன் பேச்சிமுத்து ஓடிவந்து தோணிக்குக் குறுக்கே நின்றார். ஆரப்பாளையத்து விறகுக்கடையில் அறுபடக் கிடந்த அந்த மரத்தோணியை அவர்தான் வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, திருநகர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"பழம்பொருளுடி இது! ஒரே மரத்தக் குடைஞ்சு செஞ்சது. நூறு வருசமாவது இருக்கும்."

"விறகுக்கடையில வாங்குனா விறகுதான். வைகையிலயே முழங்கால் தண்ணியக் காணோம், நீங்க இதுல ஏறி எங்க போகப் போறீங்க?"

பேச்சிமுத்து இப்படி வாங்கிப் போடுவது முதல் தடவை இல்லை. பரணில் ஏற்கெனவே பாடாத கிராமபோன் குழாயும் ஓடாத கடிகாரமும் கிடந்தன. பஞ்சாலையில் கணக்கு எழுதுகிற மனுசனுக்கு இதெல்லாம் தேவையா என்று தன்னையே கேட்டுப் பார்ப்பார். பதில் தெரியாமல்தான் அடுத்ததை வாங்குவார். இந்த ஒரு தடவையாவது வாங்கியது நல்ல விலைக்குப் போய், செல்லத்தாய் வாயால் "பரவாயில்லையே!" என்று கேட்டுவிட வேண்டும். அம்புட்டுத்தான் ஆசை.

ஆனால் தோணியைப் பார்த்து விலை சொல்ல வேண்டிய பழம்பொருள் வியாபாரி சேக் இஸ்மாயில் சனிக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். கோடாரி ஒருநாள் முந்திக்கொண்டது.

விடியுமுன்னே எழுந்தார். சாமி படத்தடியில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து, தோணியின் முனையில் பெரிதாகப் பொட்டு வைத்தார். ஒரு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி வைத்தார்.

"பொட்டு வச்ச கட்டையில எவளாவது கோடாரியப் போடுவாளா? பேச்சி, உனக்கும் மூளை இருக்குடா!" என்று தன்னை மெச்சிக்கொண்டு மறுபடி போய்ப் படுத்தார்.

குலவைச் சத்தம்தான் அவரை எழுப்பியது. வாசலில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வேப்பிலையும் சூடமுமாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் செல்லத்தாய்.

"என்னங்க, தோணியம்மா நம்ம வீட்டுல வந்து உக்காந்துட்டா!"

தப்பித்தோம்டா சாமி என்று பேச்சிமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வீட்டுக்காரரே விழுந்துவிட்டார் என்றதும் பெண்கள் தோணிக்கு மஞ்சள் புடவை சுற்றி, அதன் முனையிலேயே சூடம் கொளுத்தினார்கள். சூடம் மரத்தைப் பொசுக்கிவிடுமே என்று பதறிப்போய் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். உடனே குடம் குடமாக மஞ்சள்தண்ணீர் வந்து கொட்டியது. சாயங்காலம் பந்தலே போட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை சேக் இஸ்மாயில் வந்தார். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, தோணியை விரலால் தட்டினார்; குனிந்து மோந்து பார்த்தார்.

"தோணி குடையிற அயினி மரம் மாதிரி இருக்கண்ணே. விசயமுள்ள சாமான்தான். ஆனா உளி போன தடம் அடியிலதான் இருக்கும். அதப் பாத்தாத்தான் வயசும் வெலையும் சொல்லலாம். ஒருதடவ கவுத்துருவமா?"

"என்னது, அம்மனக் கவுக்கவா?" தெருவே கொந்தளித்தது.

"ஐயோ, இது அம்மன் இல்ல தாயி! தோணி! பொட்டு வச்சதே நான்தான்!" என்று கத்தினார் பேச்சிமுத்து.

"உங்க கையால அவளே வச்சுக்கிட்டா," என்று அவர் நெற்றி நிறையத் திருநீற்றை அள்ளிப் பூசினாள் செல்லத்தாய்.

சேக் இஸ்மாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். "சாமிக்கு நான் வெல சொல்லக் கூடாதுண்ணே. வாரேன்."

பேச்சிமுத்து வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். பேசாமல் வெட்ட விட்டிருந்தால் ஒருநாளாவது சுடச்சுடக் குளித்திருக்கலாம். இவ்வளவு கெட்டிக்காரனாகப் பிறந்திருக்க வேண்டாம்.

பால்காரி சின்னத்தாய் செம்போடு வந்தாள். இரண்டு நாளும் எல்லாரையும்விட உரக்கக் குலவை போட்டவள் அவள்தான்.

"அண்ணே, நாளைக்கும் குலவை போடணுமான்னு மதினியக் கேட்டுச் சொல்லுங்க, எனக்குத் தொண்டை கட்டிருச்சு. 'மனுசன் பொட்டு வச்சதப் பாத்துட்டேன்டி, எல்லாரும் சூடத்தோட ஓடியாங்க, இந்த ஒண்ண வித்துட்டாருன்னா வீடு பூராம் தோணியா வாங்கிப் போட்டுருவாரு'ன்னு மதினிதானே எங்களக் கூப்புட்டாக!"