ராட்டினம் ஏறிய மணல் பைகள்

அந்த யோசனை உதித்த நாளில் பூட்டுக்கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்கு ஒரே ஆசை. கணவரோடு ராட்டினத்தில் உச்சிவரை போய் வர வேண்டும். அவருக்கோ பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே உள்ளங்கால் கூசும். அதை வெளியே சொல்ல முடியுமா? ஊர்ப் பூட்டையெல்லாம் சரிசெய்கிற மனுஷன், தன் வாய்க்கு மட்டும் ஒன்று போட்டுக்கொண்டதில்லை. "நான் ஏறாத உயரமா" என்றே பேசிப் பழகிவிட்டார். கூட்டம், வெயில், இடுப்புப் பிடிப்பு என்று வருஷா வருஷம் ஒரு சாக்கு. சாக்குகளின் கையிருப்பு தீரும் நேரம்.

அப்போதுதான் ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்ட ஆரம்பித்தார்கள். பாதி வேலைகூட முடியவில்லை என்று காதில் விழுந்ததுமே அவர் மூளையில் சாவி திரும்பியது. முடிப்பதற்குள் கூட்டிப்போய்விட்டால்? கூட்டிப்போனதும் ஆச்சு, ஏறாமல் திரும்பியதும் ஆச்சு. ராட்டினம் ஓடாததற்கு அவரா பொறுப்பு?

வீட்டுக்குப் போன வேகத்தில், நாளைக்கே பூங்காவுக்குப் போகலாம் என்று அறிவித்தார். மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. யாரோ அவசரமாகக் கேட்டார்களென்று தடித்த துணியில் பை பையாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது முடியட்டுங்க. வெள்ளிக்கிழமை போலாம்."

பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார். இன்னும் கட்டி முடிக்கலையே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூங்கா கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. குட்டி ரயில் உண்டு, தண்டவாளம் இல்லை. மரக்குதிரைகள் காலில்லாமல் வரிசையாகப் படுத்திருந்தன. பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு பூரித்தது. நடுவில் ராட்டினம், அசையாமல். அதன் தொட்டிகளில் ஆட்களுக்குப் பதில் மணல் பைகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

மேஸ்திரி எதிரே வந்தார். இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அடடா, ஓடலையா? ஓடியிருந்தா நான்தான் முதல் ஆளா ஏறியிருப்பேன்."

"ஓடுது மாமா. காலையிலேருந்து ஆள் கனத்துக்கு மணலை ஏத்திச் சுத்திப் பார்த்தாச்சு. இனிமே ஆள் ஏறணும். அக்கா சொன்னாங்கன்னு உங்களுக்கு ஒரு தொட்டி காலியா வெச்சிருக்கேன்."

எந்த அக்கா? அவர் பைகளை உற்றுப் பார்த்தார். தடித்த துணி. இரட்டைத் தையல்.

"ஏம்மா, இது நீ தைச்ச பை மாதிரி இருக்கே?"

"மாதிரி இல்லைங்க, அதேதான். கூலி வேணாம், முதல் சுத்து எங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

வேலையாட்கள் கைவேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். சொன்ன வீரத்தை இனி விழுங்க முடியாது. ஏறினார். தரை நழுவியது. மரங்கள் கீழே போயின. உச்சியில், பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க ராட்டினத்தை நிறுத்தினார்கள். அவர் மனைவியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு உயரம்னா..."

"தெரியும். கல்யாணத்தன்னிக்கு மாடிப்படியில என் கையை இப்படித்தான் புடிச்சீங்க. அப்ப ஆசைன்னு நினைச்சு ஏமாந்தேன்." அவள் முகமெல்லாம் காற்று, சிரிப்பு. "கண்ணைத் திறந்து பாருங்க, நம்ம வீடு தெரியுது."

கீழேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார், எல்லாம் கெட்டியா இருக்காக்கா என்று.

அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "நான் தைச்சதெல்லாம் கெட்டியா இருக்கு. கட்டிக்கிட்டதுதான் ஆடுது. இன்னொரு சுத்து விடுங்க, சரியாயிடும்."