அஞ்சிலேயே எழுதிக்குங்க

மனிதனுக்கு ஆறாவது அறிவை இயற்கை திட்டமிட்டு வைத்ததா, அல்லது தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்டதா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். முடிவு தெரியவில்லை. ஆகவே அரசு அதற்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. ஆறறிவுச் சான்று இல்லாதவர் தொழில் நடத்தக் கூடாது என்று துறை ஆணையிட்டது. முதல் வேலையாகத் தெருமுனைச் சலூன்காரர் ஒருவரின் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! சலூன்காரர் துறைக்கு ஓடினார்.

"ஆறாவது அறிவுன்னா என்னய்யா?" என்றார் அதிகாரி.

"ஏன், எதுக்குன்னு கேக்கறதுங்க."

"சரி. எங்கே, கேட்டுக் காட்டு."

"ஏன் சார் என் கடைக்குச் சீல் வச்சீங்க?"

அதிகாரி துள்ளி எழுந்தார். "ஆபீசுக்குள்ள நின்னு அதிகாரியையே கேள்வி கேக்கறியா? சான்று கிடையாது, போ!"

"அப்ப எனக்கு ஆறறிவு இல்லைங்களா?"

"இருக்கு. அதனாலதான் கிடையாது."

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். வாசலில் நாய் ஒன்று நிம்மதியாகப் படுத்திருந்தது.

"சார், அதுக்கு லைசென்ஸ் உண்டா?"

"அஞ்சறிவுக்கு எதுக்குய்யா லைசென்ஸ்? வரிகூடக் கிடையாது."

"அப்ப என்னையும் அஞ்சிலேயே எழுதிக்குங்க."

அதிகாரி விதிகளைப் புரட்டினார். தடையேதும் இல்லை. "இனிமே 'ஏன்'னு வாயைத் திறந்தா கடைக்கு மறுபடியும் சீல்" என்று எச்சரித்து முத்திரை குத்தினார்.

"இதைத்தானே இத்தனை வருஷமா நான் இலவசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்!" என்றாள், வீட்டில் முத்திரைத் தாளைப் படித்த சலூன்காரரின் மனைவி.

வரி இல்லை என்றதும் தெருவே துறை வாசலில் திரண்டது. மருந்துக்கடைக்காரர் வந்தார், வக்கீல் வந்தார், மனிதனின் தனிப்பெருமை பற்றித் தொண்டை வற்றப் பேசிய பேராசிரியரும் வந்தார். வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்த மாத்திரத்திலேயே அதிகாரி எல்லாருக்கும் முத்திரை குத்தினார்.

அடுத்த ஆணை: ஐந்தறிவினர் அனைவரும் கழுத்தில் பட்டை அணிய வேண்டும்.

சலூன்காரருக்கு அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க வாயைத் திறந்தா அதிகாரி நம்ம கடையை மூடிடுவான்" என்றாள் மனைவி.

விழுங்கிவிட்டார்.

ஒரே மாதத்தில் பட்டை நாகரிகமாகிவிட்டது. வெல்வெட்டில் வந்தது, கல் பதித்தும் வந்தது. மனிதக் கழுத்தின் அமைப்பைப் பார்த்தாலே இயற்கை அதைப் பட்டைக்கென்று வடிவமைத்தது புலப்படும் என்று பேராசிரியர் மேடைதோறும் நிரூபித்தார். கைதட்டல் ஓயவில்லை.

சலூனிலும் நல்ல கூட்டம். முன்பெல்லாம் சவரத்துக்கு உட்கார்ந்தவரிடம் "கழுத்தைக் கொஞ்சம் நீட்டுங்க" என்று இரண்டு தடவையாவது கெஞ்ச வேண்டும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நீட்டிவிடுகிறார்கள்.