அழகமுத்துவின் துரை வம்சம்

கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட ஒரு நல்ல மனுசனின் கதை சொல்கிறேன். வயிறு நோகச் சிரியுங்கள். அவனை மட்டும் திட்டிவிடாதீர்கள்.

"அப்பா வீட்டுல இல்லைன்னு சொல்லு!"

கட்டிலுக்கு அடியிலிருந்து அழகமுத்து போட்ட சத்தம் வாசலில் நின்ற வெள்ளைக்காரருக்கே கேட்டது.

மகள் சுசீலா குனிந்து பார்த்தாள். "வெள்ளைக்காரர கூட்டிட்டு வந்திருக்கிறது யாரு தெரியுமா? எனக்கு மாமனாரா வரப்போறவரு."

அழகமுத்து தலை நிறைய நூலாம்படையோடு வெளியே வந்தான்.

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கறுவாவும் மிளகுக்கொடியும் காட்டுவது அவன் வேலை. சண்டை ஓய்ந்து, வடக்கே போகும் ஏ-9 பாதையில் சுற்றுலா பஸ்கள் மறுபடி ஓடிய காலம். ஒருநாள் தைலம் விற்கவில்லை என்று, தன் பூனைக்கண்ணைக் காட்டி, "எங்க பாட்டனுக்கு அப்பா இங்கிலீஸ் தொரை" என்று அடித்துவிட்டான். தைலம் விற்றது. பொய்யும் வளர்ந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கல்லறை ஒன்றில் கண்ட கிளேவர்ட்டன் என்ற பெயரையும் அந்தத் துரைக்கு வைத்துவிட்டான்.

அதில் மயங்கித்தான் மாத்தளையில் ஓய்வுபெற்றிருந்த இங்கிலீஷ் வாத்தியார் இராமசாமி, தன் மகனுக்குச் சுசீலாவைப் பேசினார். இப்போது அவர் பக்கத்தில் நிற்பவரோ, அந்தப் பேச்சு காதில் விழுந்து தேடி வந்த, கிளேவர்ட்டன் துரையின் நிஜமான கொள்ளுப்பேரன்.

"சம்பந்தி! இவரு கோயில் ஞானஸ்நானப் பதிவெல்லாம் தேடிட்டாரு. தொரைக்கும் இங்க கொழுந்து எடுத்த பொண்ணுக்கும் ஒரு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. பேரு முத்து!"

"லயத்து வீட்டு வரிசைக்கு நாலு முத்து இருப்பாங்களே சார்," என்று நழுவப் பார்த்தான் அழகமுத்து. "எங்க பாட்டன் வேற கன்னங்கறுப்பு."

"தாய் பக்கம் இழுத்திருக்கும்!" என்ற இராமசாமி, அதை அப்படியே இங்கிலீஷில் எடுத்துவிட்டார். வெள்ளைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீ உபசாரமெல்லாம் முடிந்து கோப்பைகள் குசினிக்குப் போனதும் வெள்ளைக்காரர் பையிலிருந்து ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்தார்.

"கன்னத்துக்கு உள்பக்கம் தடவிக் குடுத்தாப் போதுமாம். டீ.என்.ஏ. டெஸ்ட். லண்டன்ல பாத்து ரத்தச் சொந்தத்த சொல்லிருவாங்க. முடிவு வரட்டும், முகூர்த்தம் குறிச்சிருவோம்," என்றார் இராமசாமி.

"பொருந்தலைன்னா?"

"ஏன் பொருந்தாது?" இராமசாமியின் முகத்தில் பாதிச் சிரிப்பைக் காணோம்.

கதவோரம் நின்ற சுசீலாவின் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையன்மேல் அவளுக்கு உயிர்.

"வாய் கொப்பளிச்சிட்டு வாறேன்," என்று அழகமுத்து குச்சியோடு அடுப்பெரியும் குசினிக்குள் ஓடினான். அங்கே பின்கதவில் அடுத்த வீட்டு மர்சூக் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் பட்டால் துரைமார் மாதிரியே சிவந்துபோகும் மேனி அவனுக்கு.

"மர்சூக், ஒன் கலருக்கு லண்டன் மெசினே ஏமாந்துரும். இத கன்னத்துல தடவு!"

"மச்சான், அது வந்து..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். எம்புள்ள வாழ்க்கைடா!"

குச்சியை அவன் கையில் திணித்துவிட்டு, யாரும் உள்ளே வராதபடி வாசலை மறித்து, அவனுக்கு முதுகு காட்டி நின்றான். சற்றைக்கெல்லாம் ஈரக்குச்சி அவன் கைக்கு வந்தது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு வெள்ளைக்காரர் மாலையோடு வந்தார். இராமசாமி பலகாரத் தட்டோடு வந்தார்.

"பொருந்திருச்சு சம்பந்தி! ஒரு அடையாளம் தப்பாமப் பொருந்திருச்சாம்!"

அழகமுத்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற மர்சூக்கைத் திரும்பிப் பார்த்தான். அடப்பாவி, நிஜமாகவே நீயா?

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் வெள்ளைக்காரர் துரையின் பழைய கைக்கடிகாரத்தை எடுத்து அவன் கையில் கட்டப்போனார். அழகமுத்து கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாங்க தொரை. நான் சொன்னதெல்லாம் பொய். குச்சியில தடவுனது அந்தா நிக்கிற மர்சூக்கு. வம்சம் அவனோடது. கடியாரமும் அவனுக்குத்தான்."

இராமசாமிக்கு இங்கிலீஷே மறந்துபோனது. "அப்ப நீங்க யாரு?"

"தைலம் விக்கிறவன் சார். எம்மக நல்ல புள்ள. அது ஒண்ணு மட்டும் பொய்யில்ல."

இராமசாமி பலகாரத் தட்டை எடுத்தார். சுசீலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் தட்டைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்.

"பொய்க்கு ஒங்கள அப்புறம் திட்டுறேன் சம்பந்தி. கைக்கு வந்த கடியாரத்த வேணாம்னு சொன்ன வீட்டுலதான் எம்மவனுக்குப் பொண்ணு."

நடந்ததை இராமசாமி மொழிபெயர்த்து முடித்தாரோ இல்லையோ, வெள்ளைக்காரர் வேலியையே தாண்டிப் போய் மர்சூக்கை இறுகக் கட்டிக்கொண்டார். மர்சூக் திமிறினான்.

"யா அல்லாஹ், விடுங்க தொரை! நோன்பு வச்சிக்கிட்டு வாய்க்குள்ள குச்சிய போட ஏலுமா? அன்னைக்கி நீங்க குடிச்சிட்டு வச்ச டீக் கோப்பையிலதான் நான் தடவிக் குடுத்தேன்!"

சுசீலாவின் கல்யாணப் பந்தலில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், தனக்குத் தானே ரத்தச் சொந்தமாகிப்போன அந்த வெள்ளைக்காரர்தான். அதே சிரிப்பு உங்கள் வீட்டிலும் நிறையட்டும், கண்ணுகளா. பிள்ளைகுட்டிகளோடு, அக்கம்பக்கத்தோடு, குறைவில்லாமல் இருங்கள்.