பெருசு போயிடுச்சு

பஸ்ஸை விட்டு இறங்கிப் பின்பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார் லிஃப்ட் மெக்கானிக். பெருசைக் காணோம்.

அவர் வீட்டில் இரண்டு ஃபோன்கள். பெரியதற்குப் பெருசு என்றும் சின்னதற்குச் சிறுசு என்றும் பெயர். சிறுசு அவருடையது. லிஃப்ட் குழிக்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதனுக்கு, சட்டைப்பையில் அடங்குகிற, மறு கையின் கட்டைவிரலுக்கு எட்டுகிற ஃபோன்தான் லாயக்கு. பெருசு, கட்டிலோடு கிடக்கும் மாமனாருக்காக வாங்கியது. அவருக்குக் கண் மங்கல், நெஞ்சிலும் கோளாறு. இனி நம் கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டரே கையை விரித்தாகிவிட்டது.

அந்த மனிதருக்கு ஒரு மகன் உண்டு. அவன் கட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றிக் கிழவர் ஒரு வார்த்தை சொல்லப்போக, "இனி உங்க சாவுக்குத்தான் வருவேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அவன் ஸ்டேட்டஸில் போடும் படங்களைக் கிழவர் பெருசில் விரித்து விரித்துப் பார்ப்பார். சிறுசில் ஒருமுறை காட்டியதற்கு, என் பிள்ளை இதில் எறும்பு மாதிரி இருக்கிறான் என்று தள்ளிவிட்டார். அந்த ஒரு சந்தோஷத்தையும் அதன் உடைந்த கண்ணாடியை மாற்றக் கடைக்கு எடுத்துப்போன வழியில் தொலைத்துவிட்டோமே என்று மெக்கானிக்குக்கு அழுகையே வந்தது. குற்றம் பாக்கெட்டுடையது. அந்த அளவு ஃபோன் எந்தப் பாக்கெட்டில்தான் முழுசாக அடங்கும்?

போலீஸில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனவர், முதல் காரியமாகச் சொந்தக்காரர்கள் குரூப்பில் எச்சரிக்கை போட நினைத்தார். திருடன் அதிலிருந்து கண்டதையும் அனுப்பினால் யாரும் நம்பி ஏமாறக் கூடாதல்லவா? சிறுசின் எழுத்துகளோ கடுகு. கிரீஸ் பிடித்த கட்டைவிரலால் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது விழுந்தது. "பெருசு போயிடுச்சு" என்று மட்டும் அனுப்பிவிட்டு, மீதியை அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று குழிக்குள் இறங்கினார்.

ஒன்றை மறந்துவிட்டார். அந்தச் சொந்தபந்தம் முழுக்க, முதுகுக்குப் பின்னால், மாமனாரைப் பெருசு என்றுதான் சொல்வார்கள்.

பதில்கள் வந்து குவிந்தன. ஆழ்ந்த இரங்கல். ஈடு செய்ய முடியாத இழப்பு. இழுத்துக்கொண்டு கிடக்காமல் போனதே, அதுவரைக்கும் நிம்மதி. மெக்கானிக் நெகிழ்ந்து போனார். ஒரு ஃபோனுக்கு இவ்வளவு பாசமா, நம்மவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று தோன்றியது. ஆறுதலாக ஒரு வரி அடித்தார்: "யாரும் வருத்தப்படாதீங்க. அடுத்த மாசம் புதுசு வாங்கிடலாம்."

குரூப் அடங்கிப் போனது. அப்போதுதான் மச்சினன் கூப்பிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழைத்ததே இல்லை.

"எப்ப அத்தான்?"

"காலையில மாப்ளே. பஸ்ல."

"பஸ்லயா? இந்த நிலைமையில பஸ்ல எதுக்குக் கொண்டு போனீங்க?"

"கடைக்காரன்தான் கொண்டு வாங்க, பார்த்துடலாம்னான். கூட்டம் வேற. இறங்கிப் பார்த்தா காணோம்."

"காணோமா?"

"போலீஸ்ல சொன்னேன். கிடைச்சாலும் பிரிச்சு வித்திருப்பாங்க, பாடிதான் மிஞ்சும்ங்கிறாங்க."

மறுமுனையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று கரகரத்தது. "நான் கிளம்பி வர்றேன் அத்தான். இவளையும் கூட்டிட்டு வர்றேன்" என்றான். அதோடு சிக்னல் போய்விட்டது.

இத்தனை வருஷமாக வாசல் மிதிக்காதவன் தொலைந்த ஃபோனுக்காக வருகிறானா? இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலிலேயே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே துக்கம் கேட்க வந்து, மாமனார் மருந்து குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அலறி ஓடிய கதையைச் சொன்னாள். சிறுசை வாங்கி, அவர் அனுப்பியதை அவருக்கே வாசித்துக் காட்டினாள். மெக்கானிக் சிறுசைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

இப்போதே திருத்திவிடுகிறேன் என்று அவர் "மாமா நல்லா" வரைக்கும் அடித்திருப்பார். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு மணிக்கட்டைப் பிடித்தது.

"என் மகன் வர்றானா மாப்பிள்ளை?"

"வர்றேன்னான் மாமா. ஆனா அவன் என்ன நினைச்சுக்கிட்டு..."

"அப்ப எதையும் திருத்தாதீங்க. நான் இருக்கேன்னு தெரிஞ்சா பாதி வழியில திரும்பிடுவான். வந்து பக்கத்துல நின்னு அப்பான்னு ஒரு தடவை சொல்லட்டும். அதுவரைக்கும் செத்தே கிடக்கேன். அவன் சொன்னதும் எழுந்து கையைப் பிடிச்சுக்குறேன்."

மகள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். பேசுகிற பேச்சா இது என்றாள். ஆனால் அப்பா முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. அவளே போர்வையைக் கொண்டுவந்து தலைவரை இழுத்து மூடினாள்.

முதலில் வந்தவர் சின்ன மாமனார், கிழவரின் தம்பி. கூடவே வாடகை நாற்காலிகளும், பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டியும் வந்தன. கட்டிலை நெருங்கவிடக் கூடாதே என்று, தொற்று இருக்கிறது, யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மெக்கானிக் ஒரு பொய்யைப் போட்டார். சின்ன மாமனார் கதவோரம் நின்றே ஒப்பாரி வைத்தார். கடைசிவரைக்கும் என் சைக்கிளைத் திருப்பித் தராமலே போயிட்டியே அண்ணே என்று அவர் விம்மியபோது போர்வை லேசாக அசைந்தது. காற்று என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

தொடக் கூடாது என்றால் பெட்டிக்குள் வைப்பதுதானே பத்திரம் என்று சின்ன மாமனார் பிடித்துக்கொண்டார். கையுறை போட்ட ஆட்கள் தயாராகப் பெட்டியோடு நின்றார்கள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள், இந்தப் பொய்க்கோ சக்கரமே இருந்தது. மெக்கானிக்குக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். நைசாக நழுவிப் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். கரண்ட் இல்லை, பெட்டி ஓடாது, வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பெட்டி ஓடவில்லை. கட்டிலுக்கு மேலே மின்விசிறியும் நின்றது.

திரும்ப மாட்டலாம் என்று போனால், சின்ன மாமனார் நாற்காலியை ஃபியூஸ் பலகைக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டார். இவர் ஃபியூஸைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் குனிந்தார். உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"வேர்க்குது மாப்பிள்ளை."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க மாமா. பக்கத்துல வந்துட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து, வந்துவிட்டானா என்று ஒரு தடவை கேட்டார். இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. பிறகு கேட்கவில்லை. பெரியவர் பாத்திரத்தோடு ஒன்றிவிட்டார் என்று மெக்கானிக் மனைவியிடம் கண்ணைக் காட்டினார். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

கார் வந்து நின்றது. மச்சினன் இறங்கினான். பின்னாலேயே கையில் ஒரு பையோடு அவன் மனைவி. வாசலில் நாற்காலிகளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடினான். தொடாதே என்று சின்ன மாமனார் கத்தியதை அவன் காதில் வாங்கவில்லை. கட்டிலருகே மண்டியிட்டுப் போர்வையை விலக்கினான்.

"அப்பா" என்றான்.

மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மச்சினன் இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை சொன்னான். வேண்டிய அளவுக்கு மேலேயே சொல்லியாகிவிட்டது. போதும் மாமா, எழுந்திருங்கள் என்று மெக்கானிக் போர்வைக்குள் கைவிட்டு அவர் பாதத்தைக் கிள்ளினார். பாதம் சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எழுந்த அழுகையில் நடிப்பு இல்லை. மகள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை. மச்சினன் அருகே போகவும் துணிவில்லாமல், வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். போனது ஃபோன்தான், மனிதர் நன்றாகத்தான் இருந்தார், உயிரோடு இருப்பது தெரிந்தால் நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் மூடிக்கொண்டு படுத்தார், ஃபியூஸைப் பிடுங்கிய பாவி நான்தான் என்று பையிலிருந்து அதை எடுத்தும் காட்டினார்.

அவள் தன் மடியில் இருந்த பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தொலைஞ்சது எங்க ஸ்டேட்டஸை மாமா பார்ப்பாரே, அந்த ஃபோன்தான்னு நீங்க பேசும்போதே அவருக்குப் புரிஞ்சிடுச்சுண்ணா. மாமா கையில கொடுத்துட்டுப் பேசலாம்னு, கடையில இருக்கிறதுலயே பெருசா பார்த்து வாங்கிட்டு வந்தோம்."