காப்பார் குளத்துப் படை

சண்முகரத்தினம் குளத்துக்குள் இறக்கிய மூங்கில் கோல் நெஞ்சுயரம் வரை கறுப்பு அப்பிக்கொண்டு வெளியே வந்தது. கசடு ஒரு விரல்கூடக் குறையவில்லை.

காப்பார் ஊர்ப் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் குளம் அது. நகராண்மைக் கழகத்தில் அதற்கு மேற்பார்வையாளர் அவர்தான். கசடைத் தின்று கரைக்கும் நுண்ணுயிர்களை அதிகாரி ராதாகிருஷ்ணனிடம் மன்றாடி வாங்கி, போன மாதம்தான் கொட்டியிருந்தார். மற்றவர்கள் அதை மருந்து என்றார்கள். அவர், ‘என் படை’ என்றார்.

"வருசக் கடைசிக்குள்ள குறையலன்னா எக்ஸ்கவேட்டர்தான், சண்முகம். அள்ளுற சேத்தைப் பக்கத்துத் திடல்லதான் கொட்டணும்" என்றிருந்தார் ராதாகிருஷ்ணன்.

தாமான்காரர்கள் பந்து விளையாடுவதும் கல்யாணப் பந்தல் போடுவதும் அந்தத் திடலில்தான்.

சண்முகரத்தினம் நேரே அப்துல் கனியின் மளிகைக் கடைக்குப் போனார். மாலையில் தாமானே அங்கேதான் நிற்கும்.

"நம்ம குளத்தைப் பார்க்க தலைநகர் கே.எல்.லேருந்து பெரிய ஆளுங்க வரப்போறாங்க. இது நம்ம எல்லாருக்கும் பெருமை. கொஞ்சம் ஒத்துழைங்க!"

"எங்க குளமாச்சே பாஸ், விட்டுக்குடுப்போமா?" என்றார் கனி. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறு வாரம் நாற்றம் இரண்டு மடங்கானது.

படை போதவில்லை போலும் என்று இன்னும் இரண்டு டிரம் கொட்டினார். குளம் அசையவே இல்லை. காற்றுப் போதவில்லையோ என்று, இறால் பண்ணையில் சுற்றும் சக்கரங்களை இரவல் வாங்கிவந்து குளத்தில் ஓட்டினார். அடியில் கிடந்த கசடு கலங்கி மேலே வந்தது. கறுப்பு நுரை பறந்துபோய்க் குளத்தோர வீட்டு வீரம்மா கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலையில் உட்கார்ந்தது.

"என்னண்ணே, உங்க படைக்கு வயித்துப்போக்கா?" என்றாள் வீரம்மா.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவர் கனி கடைக்கு ஓடினார். முன்னைவிட உருக்கமாகப் பேசினார். ஜனங்களும் முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். குளம் முன்னைவிட மோசமானது.

வீட்டில் மனைவி குணபூசணி வாசலிலேயே மறித்தாள்.

"முதல்ல குளியுங்கோ. படைத் தளபதிக்குச் சோறு பிறகுதான்."

கடைசி டிரம்மைக் கொட்டியபின் வெட்கத்தில் அவர் கனி கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. விடிந்ததும் குளத்துக்கு வருவார், கோலை இறக்குவார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார்.

பிறகு ஒரு நாள் கறுப்பு இடுப்போடு நின்றது. கோல் சாய்ந்திருக்கும் என்று நினைத்து மறுபடி இறக்கினார். இடுப்புதான். சில வாரங்களில் முழங்காலுக்கு இறங்கியது. தண்ணீர் பச்சை கண்டது, நாற்றம் போனது, கரையில் கொக்கு வந்து நின்றது. கொக்கைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ராதாகிருஷ்ணன் கே.எல். அதிகாரிகளோடு வந்து தானே கோலை இறக்கினார். கணுக்கால் அளவுதான் கறுப்பு.

"எக்ஸ்கவேட்டர் வேணாம். திடல் தப்பிச்சது. எப்படிய்யா செஞ்சீங்க?"

சண்முகரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் காத்துல இருக்கு சார். சக்கரத்தை எந்த நேரத்துல ஓட்டணும்னு ஒரு கணக்கு இருக்கு. அது அனுபவத்துலதான் வரும்." ஒருவர் படம் எடுத்தார். தாமானே திரண்டு வந்து ஆரவாரம் செய்தது. குணபூசணிகூட, குளிக்காத கணவரின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அப்துல் கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கழுத்தில் மாலையைப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சிக்குங்க பாஸ், நீங்க கேட்டதிலேருந்து வீட்டுக்கு வீடு காலையில ஒரு போத்தல் பிளீச்சை டாய்லெட்ல ஊத்தி ஒத்துழைச்சிக்கிட்டுதான் இருந்தோம், நடுவுல கொஞ்ச மாசம் சரக்கு லோரி வராம நின்னுபோச்சு; இன்னிக்கு வந்திருச்சு லா, இனி ஒரு கிருமிகூடத் தப்பாது!"