அழுங்கு வாங்கிய வானிலை வானொலி

ஒரு காட்டில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் ஒரு வளை. அந்த வளையில் வச்சிரவேலு என்ற அழுங்கு, மனைவி அம்சவேணியோடும் சின்ன மகள் கோமளத்தோடும் குடியிருந்தார்.

அழுங்கு இனம் இரவெல்லாம் எறும்பு தின்னும், பகலெல்லாம் தூங்கும். ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது. தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். செதில் போர்த்த அந்தப் பந்தைப் புலி வந்தாலும் பிரிக்க முடியாது. வச்சிரவேலு இதில் கொஞ்சம் கூடுதல் திறமைசாலி. நாவல் பழம் விழுந்தாலும் சுருண்டுவிடுவார். கேட்டால், "சுருளலை வேணி, குனிஞ்சு யோசிச்சேன்" என்பார்.

போன மழைக்காலத்தில் நட்டநடுப் பகலில் ஓடை பெருகி வளைக்குள் வந்துவிட்டது. வால் நனைந்த பிறகுதான் விழித்தார்கள். மகளை வாலில் ஏற்றிக்கொண்டு தப்பிப்பதற்குள் அம்சவேணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. வீட்டில் ஒரு வானிலை வானொலி இருந்தே ஆகவேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். குன்றின் உச்சியில் மந்திகள் வானிலை நிலையம் நடத்தின. மேற்கே எங்கோ மேகம் கறுத்தாலும் அங்கிருந்து அறிவித்துவிடும்.

இலவமரப் பொந்தில் வானொலிக் கடை வைத்திருந்தவன் தாண்டவன் என்ற கரிச்சான் குருவி. எந்தக் குரலையும் அச்சாகப் பேசிக்காட்டுவான்.

"பெட்டியைப் பிரிச்சா திருப்பி எடுக்கமாட்டோம்மா. நானே பேசிக் காட்டுறேன்" என்றவன், முதல் பெட்டிக்காகக் குரலைக் குழைத்தான். "அன்பார்ந்த நேயர்களுக்கு இனிய வணக்கம். தங்கள் இல்லத்தில் வெள்ளம் புகுவதற்கான வாய்ப்பு பிரகாசமாக உள்ளது..."

கோமளம் கொட்டாவி விட்டாள்.

இரண்டாவது வானொலி சத்தமே போடாது. தலைமாட்டில் வைத்தால் உலுக்கி எழுப்பும், சிவப்பு விளக்கு மின்னும். காது கேட்காத பெரியவர்களுக்காக வந்ததாம். அம்சவேணிக்கு அது பிடித்துவிட்டது.

"உலுக்கி எழுப்ப நான் என்ன புளியமரமா?" என்றார் வச்சிரவேலு. "இன்னும் பெரிசா ஏதாவது காட்டுங்க."

தாண்டவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு மூன்றாவது பெட்டியின் அபாயச் சங்கை அலறிக் காட்டினான். மரத்திலிருந்த பஞ்செல்லாம் பறந்தது. திரும்பிப் பார்த்தால், வச்சிரவேலு நின்ற இடத்தில் ஒரு பந்து கிடந்தது.

"சாருக்கு என்னம்மா ஆச்சு?"

"யோசிக்கிறாரு" என்றாள் அம்சவேணி.

பந்து பிரிய வெகுநேரமாயிற்று. முகம் வெளியே வந்ததும் வச்சிரவேலு சொன்னார்: "இதுதான் சரி. கேட்டவுடனே பயம் வரணும். அதுதானே எச்சரிக்கை? இதையே கட்டுங்க."

"ஏங்க, இது கத்தினா நீங்க..."

"நான்? நான் என்ன?"

கடைக்காரன் வேறு கழுத்தை நீட்டிக்கொண்டு பார்க்கிறான். கட்டிய புருஷனை அவன் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது? "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

ஐப்பசியில் ஒருநாள் பிற்பகல் மூவரும் அயர்ந்து தூங்கும்போது வானொலி அலறியது. "மேற்கு மலையில் பெருமழை! ஓடைக்கரையில் இருப்போர் உடனே மேட்டுக்குப் போங்கள்!" பின்னாலேயே சங்கு. வச்சிரவேலு துள்ளி எழுந்தார். வீட்டுத் தலைவர் என்ற பொறுப்போடு வானொலியை வாரி நெஞ்சோடு அணைத்தார். அணைத்த கையோடு அதையும் உள்ளே வைத்துச் சுருண்டுவிட்டார்.

இப்போது சங்கு பந்துக்குள்ளிருந்து அலறியது. அது அலற அலறப் பந்து இறுகியது. நிறுத்தும் பொத்தான் உள்ளே எங்கோ இருந்தது.

"ஏங்க, தண்ணி வருதுங்க! பிரிங்க!" அம்சவேணி கெஞ்சினாள், பிறாண்டினாள், வால் நுனியைக் கடித்துப் பார்த்தாள். "உங்க அம்மா வந்திருக்காங்க" என்று பொய்கூடச் சொன்னாள். பந்து இன்னும் இறுகியது.

வாசலில் நுரை தெரிந்தது. மகளை வாலில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். அங்கே நின்றாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, பந்துக்கு அடியில் மூக்கைக் கொடுத்து உந்தினாள்.

"அம்மா, அப்பாவை நானும் உருட்டட்டுமா?"

"நீ வாலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோடி, அது போதும்."

குன்றின் ஏற்றத்தில் பந்து ஒரு முழம் ஏறியது, அரை முழம் இறங்கியது. வெயில் பளீரென்று அடித்தது. வளைகளிலிருந்து முயல்கள் எட்டிப் பார்த்தன. "வெள்ளம் வருது, மேல வாங்க" என்று அம்சவேணி மூச்சிரைக்கச் சொன்னாள். வானத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒரு பந்து அலறிக்கொண்டே மலை ஏறுவதை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? முயல்கள் வந்தன, மான்கள் வந்தன, நரி பிள்ளைகுட்டிகளோடு வந்தது. முள்ளம்பன்றி சுந்தரேசன், "இது எப்போ வெடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை கூடவே ஏறினார். தள்ள மட்டும் யாரும் வரவில்லை.

உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்து ஓடைக்கரையை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது.

"எச்சரிக்கை முடிந்தது. நன்றி" என்று வானொலி ஓய்ந்தது. பந்து பிரிந்தது. வச்சிரவேலு கண் திறந்தால், எதிரே காடே நிற்கிறது; கீழே வெள்ளம். நிலைமை அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"எல்லாரும் வந்துட்டீங்களா?" என்றார்.

ஆரவாரம் வானைப் பிளந்தது. சுந்தரேசன் கண்ணீரோடு கட்டித் தழுவ வந்தார்; வச்சிரவேலு எட்ட நின்றே வாழ்த்தை ஏற்றுக்கொண்டார். அங்கேயே கூட்டம் போட்டு அவரைக் காட்டின் பேரிடர்த் தலைவராக்கினார்கள். தாண்டவன் அந்தச் சங்கு வானொலிக்குக் கூட்டத்துக்குள்ளேயே முன்பதிவு தொடங்கினான். தலைவருக்கு மட்டும் இன்னொன்று இலவசம் என்றான்.

அம்சவேணியின் மூக்கு கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. கோபப்படப் பார்த்தாள், மாலையும் கழுத்துமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் "இன்னொன்று" என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து ஒதுக்குப்புறமாகப் போய், முன்னங்காலால் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள்.

பாராட்டு முடிந்து வச்சிரவேலு தேடி வந்தார். "என்ன வேணி இது?"

"வீடுங்க."

"உச்சியிலயா? எறும்புப் புத்தெல்லாம் கீழேல்ல இருக்கு? தினம் யாரு இறங்கி ஏறுறது?"

"நான் இறங்கி ஏறிக்கறேன்" என்றாள் அம்சவேணி, தோண்டுவதை நிறுத்தாமல். "இனிமே உங்களை உருட்டணும்னா, இறக்கத்துல உருட்டி விட்டுடலாம் பாருங்க."

நீதி: வானிலை வானொலி வாங்கப் போகிறவர்கள் சத்தம், விலை என்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வாங்குகிறவர் உருட்டுவதற்கு வசதியாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.